அசை போடும்வரை கழுவாத கை

மேற்கே ஏதோ ஓர் ஊரில் பசுமாடு ஒன்று நாய் மாதிரி குரைத்துக் குரைத்துச் செத்துப்போனதாம். அந்த மாட்டின் பாலில் டீ குடித்தவர்களை எல்லாம் ஆஸ்பத்திரியில் வரிசையாக நிற்க வைத்து ஊசி போட்டார்களாம். பால் வேன் ஓட்டுகிற நிசார் அகமதுவுக்கு இதைச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னது சந்தைக்கு மாடு பிடிக்க வந்த ஒரு தரகர். தரகருக்கு யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஏரிமேட்டுக் கொட்டாயில் பத்துப் பன்னிரண்டு பேர் பால் கேனோடு வேனைச் சுற்றி நின்றிருந்தார்கள். நாற்பது வீடுகள் உள்ள சின்ன ஊர். நல்லம்பள்ளியிலிருந்து மினி பஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை வரும். மற்ற நேரத்தில் வெளியுலகம் வருவது நிசாரின் வேனில்தான்.

“மாடு குரைச்சுதா? அப்போ வூட்டுக் காவலுக்கும் அதையே கட்டிப்போட்டிருக்கலாமே” என்றாள் கோவிந்தம்மாள், கேனை எடை மேசைமேல் வைத்தபடி.

“சிரிக்காதீங்கக்கா. என் மச்சான் பொய் சொல்ற ஆளு இல்ல.”

“போன மாசம் தொப்பூர் கணவாயில புலியப் பாத்தேன்னு சொன்னாரே, அந்த மச்சானா?”

“அது சிறுத்தைங்கக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். நிசாரும் சிரித்துவிட்டு, பால் மாதிரியைச் சின்னப் புட்டியில் ஊற்றிக்கொண்டே மீதியைச் சொன்னார். “மொதல்ல யாருக்கும் ஒண்ணும் தெரியலையாம். எச்சில் கயிறு மாதிரி ஒழுவுதாம். தண்ணித் தொட்டிகிட்டப் போவுதாம், ஆனா முழுங்க முடியலையாம். மாம்பழ சீசனாச்சே, கொட்டை மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு ஆளாளுக்கு வாயில கையை விட்டுப் பாத்திருக்காங்க. மாடு செத்தப்புறந்தான் தெரிஞ்சுதாம், எப்பவோ வெறிநாய் கடிச்சிருக்குன்னு.”

சிரிப்பு அப்படியே நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய கண்களும் கோவிந்தம்மாளின் வலது கையில் வந்து விழுந்தன. அவள் அந்தக் கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு.

கோவிந்தம்மாளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. ஆள் உயரம்தான், ஆனால் கை மட்டும் பத்து வயதுப் பிள்ளையின் கை மாதிரி. மணிக்கட்டு அவ்வளவு ஒல்லி, விரல்கள் நீளம். கல்யாணமாகி வந்த புதிதில் வளையல்காரர் அவளுக்குக் குழந்தைகளின் வளையல் பெட்டியைத்தான் திறப்பார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில், அவளுடைய சொந்த மாடு கீழே விழுந்த பங்கனப்பள்ளி மாம்பழத்தை முழுதாக விழுங்கி, கொட்டை தொண்டையில் மாட்டிக்கொண்டு கண் பிதுங்கி நின்றது. சுற்றிலும் மாந்தோப்பு உள்ள ஊரில் இது வருடா வருடம் நடப்பதுதான். வயிறு உப்பி, ஒரு மணி நேரத்தில் மாடு போய்விடும். வீட்டில் ஆண்கள் யாருமில்லை. அவள் கைவளையலை உடைத்துப் போட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, மாட்டின் வாய்க்குள் கையை விட்டாள். இடது கை கழுத்துக்கு வெளியே இருந்து மேலே நெம்ப, வலது கையின் இரண்டு விரல் கொட்டையின் நாரைப் பற்றியது. வெளியே வந்து விழுந்த கொட்டையைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

மாடு பிழைத்துவிட்டதா இல்லையா என்று அப்போது தெரியவில்லை. அது அசையாமல் நின்றது. அவளும் எச்சிலும் நுரையும் வழிகிற கையைத் தூக்கிப் பிடித்தபடி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பொழுது சாய்கிற நேரத்தில் மாடு மெதுவாக வாயை அசைத்தது. அசை போட ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகுதான் எழுந்து போய்க் கை கழுவினாள்.

அன்றிலிருந்து அது அவளுடைய முறை ஆகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாக வைத்துக்கொண்டது. கொட்டை எடுத்த பிறகு மாடு அசை போடுகிறவரை கையைக் கழுவக் கூடாது. அவள் கை விடும்போது மாட்டின் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டவரும் கழுவக் கூடாது. கழுவினால் மாடு தேறாது என்று அவள் நம்பினாள். அவள் நம்பியதை ஊரும் நம்பியது. அவள் கை வைத்த மாடு ஒன்றுகூடச் சாகாதபோது நம்பாமல் என்ன செய்வது? வத்தல்மலையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் போனார்கள். அரூரிலிருந்து ஒருவர் எருமையை டெம்போவில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். யாரிடமும் அவள் எதுவும் வாங்கியதில்லை. இடது கையில் மட்டும் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, வலது கையை வெறுமையாக வைத்துக்கொண்டாள். அந்த வெறுங்கைதான் அவளுடைய பெருமை.

இரண்டு வருடத்துக்கு முன் கால்நடை மருந்தகத்து டாக்டர் இதைக் கேள்விப்பட்டு, தோள் வரைக்கும் வருகிற நீளமான பிளாஸ்டிக் கையுறை ஒரு பாக்கெட் கொடுத்தார். “நீங்க செய்யறது நல்ல காரியந்தாம்மா. ஆனா இது இல்லாம கையை விடாதீங்க. மாட்டு வாயில என்னென்ன இருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது” என்றார். அவள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். வழுக்கியது. கொட்டையின் நார் விரலுக்குத் தட்டுப்படவில்லை. பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிட்டாள். அதிலிருந்து ஒன்றை வெட்டி, டி.வி. ரிமோட்டில் அழுக்குப் படாமல் சுற்றி வைத்தார் அவள் கணவர் முருகன்.

இனி, அந்த வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் முன்னால் வந்த திங்கட்கிழமை.

“கோவிந்தம்மா, சீக்கிரம் வா. செவலைக்குக் கொட்டை மாட்டிக்கிச்சு” என்று மாதப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே கத்தினார். செவலை அவருடைய கறவை மாடு. ஊரில் அதிகமாகப் பால் கொடுப்பது அதுதான். அவள் போனபோது மாடு தொழுவத்தில் தலையைத் தாழ்த்தி நின்றது. எச்சில் தரை வரைக்கும் தொங்கியது. முன்னால் தண்ணீர் அண்டா இருந்தது. மாடு அதில் மூக்கை வைக்கும், நடுங்கும், எடுத்துக்கொள்ளும்.

நாக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு மாதேஸ்வரன் வந்தான். முப்பத்தொரு வயது. மாங்காய் பறிக்கப் போய், காம்பிலிருந்து பீச்சியடிக்கிற பால் பட்டு அவன் விரல்களெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தன. அதனால் தோப்பு வேலையை விட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் போர் வண்டி வேலைக்குச் சத்தீஸ்கர் பக்கம் போவதாக இருந்தான். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டிகளில் போனால் திரும்பி வர ஆறு மாதமாகும்.

“அக்கா, இது நாக்கா, நனைஞ்ச துண்டா? கையில நிக்கவே மாட்டேங்குது” என்றான்.

“பேசாம புடிடா. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு புண்ணியமாவது கட்டிக்கோ.”

அவள் கையை உள்ளே விட்டாள். வழக்கமாக மாட்டின் தொண்டை கையைக் கவ்விப் பிடிக்கும். உள்ளே ஒரு பலம் இருக்கும், வெளியே தள்ளும். அன்றைக்கு அது காலிச் சாக்கு மாதிரி தொளதொளவென்று கிடந்தது. அவள் விரல் போகிற இடமெல்லாம் போயிற்று. கொட்டை இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். இல்லை. மாடு கரகரத்த குரலில், இதுவரை எந்த மாட்டிடமும் அவள் கேட்காத ஒரு சத்தத்தில் முனகியது. தலையை உதறியபோது கடைவாய்ப் பல் அவள் மணிக்கட்டில் கீறியது.

கையை வெளியே எடுத்தாள். சுற்றி எட்டுப் பேர் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அப்படிச் சொன்னதே இல்லை.

“கீழ எறங்கிடுச்சு மாமா. தேறிடும்” என்றாள் மாதப்பனிடம்.

மாதேஸ்வரன் அண்டாத் தண்ணீரில் கையை நனைக்கப் போனான். அவள்தான் தடுத்தாள். “டேய், கழுவாத. துண்டுல தொடச்சுக்கோ போதும். செவலை அசை போடட்டும்.”

“அப்போ சோத்துக்கு?”

“உம் பொண்டாட்டி நிர்மலா ஊட்டி விடுவா, போ.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் வெட்கத்தோடு துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு போனான்.

செவலை அன்றைக்கு அசை போடவில்லை. செவ்வாய்க்கிழமையும் போடவில்லை. கோவிந்தம்மாள் திங்கட்கிழமை மாலை தன் மாட்டை முருகனைக் கறக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மனசில்லாமல் வெறும் தண்ணீரில் கையை அலம்பினாள். புதன்கிழமை மதியம் செவலை பின்னங்கால் மடிந்து விழுந்து செத்தது. தோப்பு மூலையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். கை கழுவியதால்தான் செத்ததோ என்று இரண்டு நாளாகக் குமைந்துகொண்டிருந்தாள் கோவிந்தம்மாள். வெள்ளிக்கிழமை காலை நிசாரின் வேன் வந்து நின்றபோது அந்தக் குமைச்சல் வேறொன்றாக மாறியது.

ஏனென்றால் இன்னொன்றும் அவளுக்கு நினைவு வந்தது. சித்திரைக் கடைசியில் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய், வால் தொங்க, வாய் திறந்தபடி, எதையும் பார்க்காமல் நேர்கோட்டில் தோப்புக்குள் ஓடியது. அங்கே செவலை மேய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கல்லெறிந்து துரத்தினார்கள். அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

வேன் போனதும் மாதப்பன் அவள் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கோவிந்தம்மா, கொட்டை அடைச்சுத்தான் செத்துச்சுன்னே இருக்கட்டும். வெறின்னு வெளிய போச்சுன்னா கொட்டாய்ப் பாலையே யாரும் தொட மாட்டாங்க.”

“கொட்டை இல்ல மாமா.”

“என்னது?”

“உள்ள கொட்டையே இல்ல. நான் பொய் சொன்னேன்.”

மாதப்பன் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவர்தான் மூன்று நாளும் செவலையின் வாயைத் துடைத்துவிட்டவர்.

துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸ் சசிகலா தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எழுந்து, அவளை முழங்கையோடு பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

“கழுவுங்க.”

“நாலு நாள் ஆச்சேம்மா, இப்போ கழுவி என்ன?”

“எப்போ தெரியுதோ அப்போ கழுவணும். சோப்பு போடுங்க. கால் மணி நேரம். நான் கடிகாரம் பாக்குறேன்.”

தண்ணீர் விழுந்தது. மணிக்கட்டில் கீறல் பொருக்குக் கட்டியிருந்தது. கோவிந்தம்மாள் அழுதுகொண்டே தேய்த்தாள். கூடவே வந்திருந்த மாதப்பன் பக்கத்துக் குழாயில் கழுவியபடி கேட்டார், “பால் குடிச்சவங்க எல்லாம் ஊசி போடணுமாமே?”

“காய்ச்சின பாலுக்கு ஒண்ணும் இல்ல. டீ குடிச்சவங்கள வரிசையில நிக்க வெச்சாங்கங்கறது கதை. மாடு குரைச்சுதுங்கறதும் கதை” என்றாள் சசிகலா. “வாயில கையை விட்டதுதான் கதை இல்ல. யார் யார் கை பட்டுச்சு, சொல்லுங்க. ஒருத்தர விடக் கூடாது.”

மாதப்பன். எச்சில் துணியை அலசிய அவர் மனைவி. கோவிந்தம்மாள்.

“நாக்க யாரு புடிச்சா?”

கோவிந்தம்மாளின் கை சோப்பு நுரைக்குள் அப்படியே நின்றுவிட்டது.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மதியமே மூவருக்கும் ஊசி போட்டார்கள். கோவிந்தம்மாளுக்குக் கீறலைச் சுற்றியும் தனியாக மருந்து ஏற்றினார்கள். இளவயது டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, “மாட்டோட மூளையை எடுத்துச் சோதிக்க நேரம் தாண்டிப்போச்சு. நீங்க சொல்ற அறிகுறியக் கேட்டா வெறி மாதிரியேதான் இருக்கு. சந்தேகம்னா ஊசிதான், யோசிக்கவே கூடாது” என்றார். பிறகு தலைநிமிர்ந்தார். “உடனே ஏன் கழுவலை?”

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை.

“அந்த இன்னொருத்தர் எங்க?”

“வடக்கே போயிருக்கான் சார். போர் வண்டியில. கையெல்லாம் புண்ணு சார் அவனுக்கு.”

“எங்க இருந்தாலும் பக்கத்து கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. உடனே. இது உள்ள எத்தனை நாள் இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சிலருக்கு மாசக்கணக்கு, சிலருக்கு பத்து நாள். ஊசி முந்திக்கிட்டா பயம் இல்ல. நோய் முந்திக்கிட்டா அப்புறம் எங்ககிட்ட மருந்து இல்ல.”

பத்து நாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் விரலில் எண்ணினாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மறுபடி எண்ணினாள்.

மாதேஸ்வரனின் மனைவி நிர்மலாதேவி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பெண் குழந்தை பக்கத்தில் தூங்கியது. கோவிந்தம்மாள் சொல்லச் சொல்ல நிர்மலாதேவியின் கையிலிருந்த சட்டை மடிப்புக் கலைந்து கீழே விழுந்தது.

“கழுவாதன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?”

“நான்தான்.”

“அன்னிக்கு ராத்திரி நான் ஊட்டி விட்டேன். கழுவிட்டுச் சாப்புடுங்கன்னு சொன்னேன். ‘அக்கா சொல்லிடுச்சு, செவலை பொழைக்கணும்’னாரு. விடிகாலம் பஸ் ஏறும்போதும் துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் போனாரு.” அவள் குரல் ஏறியது. “செவ்வாக்கிழமை ரயில்ல இருந்து போன் பண்ணி என்னா கேட்டாரு தெரியுமா? புள்ளைய கேக்கல. ‘செவலை அசை போட்டுச்சா, கை நாறுது’ன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். ‘சரி, அப்போ இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்’னு சிரிச்சாரு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் எங்க போன் வந்துது? உங்க பெருமைக்கு என் வூட்டுக்காரரு கைதான் கெடச்சுதா?”

கோவிந்தம்மாள் வாசலிலேயே உட்கார்ந்தாள். அழுது முடித்த நிர்மலாதேவி, கொஞ்ச நேரத்தில் தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள். “போடுங்க அண்ணி. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.”

தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் முதலில் இந்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. பத்து முறை போட்டார்கள். பத்து முறையும் அதே பெண்தான். கடைசியில் கோவிந்தம்மாள் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

“டேய் மாதேசு, கையைக் கழுவுடா. சோப்பு போட்டுக் கழுவுடா. செவலை செத்துப்போச்சு. அசைக்குக் காத்துக்கிட்டு இருக்காத. வண்டியை விட்டு எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போ. வெறிநாய் ஊசின்னு சொல்லு. அக்கா சொல்றேன், போடா.”

பக்கத்தில் ஒற்றைக் கோடு விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை, போர் வண்டிக்கு ஆள் பிடித்து அனுப்புகிறவரின் நம்பர் கிடைத்தது. முருகன் ஸ்பீக்கரில் போட்டார்.

“டவர் இல்லாத காட்டுல ஓடுதுங்க வண்டி. என்னா விசயம்?”

“அவனுக்கு அவசரமா வெறிநாய் ஊசி போடணுங்க” என்றாள் கோவிந்தம்மாள்.

“நாய் கடிச்சுதா?”

“நாய் இல்லைங்க, மாடு.”

“மாடு கடிச்சுதா?”

“கடிக்கலைங்க. நாக்கைப் புடிச்சான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “என்னங்கம்மா, நாக்கைப் புடிச்சதுக்கு ஊசியா? சரி சரி, டீசல் எடுக்க வெளிய வருவாங்க, சொல்லிடறேன்.”

சொல்வாரா, இல்லை சொல்லிச் சிரித்துவிட்டுப் போவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு நாளைக்கு முன் யாராவது அவளிடம் இதைச் சொல்லியிருந்தால் அவளும் இப்படித்தான் சிரித்திருப்பாள்.

அதற்குப் பிறகு பயம் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. காலையில் எழுந்ததும் சொம்புத் தண்ணீரை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். பயமாக இருக்கிறதா? தொண்டை இழுக்கிறதா? ஒரு மடக்கு குடிப்பாள். இறங்கும். உடனே, தனக்கு இறங்குகிறதே, அவனுக்கு இறங்குகிறதா என்று தோன்றும். இரண்டாவது மடக்கு இறங்காது. அது நோயா பயமா என்று தெரியாமல் சொம்பைக் கீழே வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காற்றில் கதவு அடித்துக்கொண்ட சத்தத்துக்குத் துள்ளி விழுந்தாள். முருகன் பார்த்துக்கொண்டே இருந்தார். டி.வி. ரிமோட்டில் சுற்றியிருந்த கையுறையைப் பிரித்து அடுப்பில் போட்டார். மீதிப் பாக்கெட்டை எடுத்து வாசல் ஆணியில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினார்.

திங்கட்கிழமை இரண்டாவது ஊசி. சசிகலா வீடு வீடாகப் போய்ச் செவலையின் தொழுவத்துக்குப் போனவர்கள் எல்லோரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள், அவர்களுக்கும் ஊசி ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் வந்து குழியில் சுண்ணாம்பு கொட்டச் சொன்னார். ஊர் மாடுகளுக்கும் நாய்களுக்கும் ஊசி போட்டார். பால் நிற்கவில்லை. நிசார் எப்போதும்போல வந்தார். ஆனால் அவர் இப்போது கதை எதுவும் சொல்வதில்லை. “மாதேசு பேசுனானாக்கா?” என்று மட்டும் கேட்பார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். வேன் கிளம்பிவிடும்.

எல்லாம் நடந்தது. ஒருவன் மட்டும் பாக்கி.

புதன்கிழமை ஆள் பிடிக்கிறவரே கூப்பிட்டார். இப்போது சிரிக்கவில்லை. “அம்மா, அவன வேற வண்டிக்கு மாத்திட்டாங்களாம். மழை வேற புடிச்சுக்கிச்சு அங்க. ரெண்டு நாளா காய்ச்சல்னு படுத்திருக்கான்னு சொன்னாங்க.”

“தண்ணி குடிக்கிறானா?”

“என்னது?”

“தண்ணி குடிக்கிறானான்னு கேளுங்க சார். அது ஒண்ண மட்டும் கேளுங்க.”

“அதெல்லாம் எனக்கு எப்படிங்கம்மா தெரியும்? வெயில் காய்ச்சலாத்தான் இருக்கும். பயப்படாதீங்க. மேஸ்திரிகிட்ட விவரம் எல்லாம் சொல்லிட்டேன். வண்டி வெளிய வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு.”

புதன்கிழமையோடு ஒன்பது நாள். நிர்மலாதேவியிடம் காய்ச்சல் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்று மாலை வரை தவித்து, கடைசியில் சொன்னாள். இன்னொரு பொய்யைத் தாங்குகிற பலம் அவளிடம் இல்லை. நிர்மலாதேவி கத்தவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “வெயில் காய்ச்சல்தான் அண்ணி. அவருக்கு வருசா வருசம் வரும்” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, அது உண்மைதானே என்று கேட்பதுபோல அவள் முகத்தையே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது ஊசி. நிர்மலாதேவியும் கூட வந்தாள். டாக்டரை நேரில் கேட்க வேண்டும் என்றாள். ஊசி அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் நாய்ப்படம் போட்ட தட்டி ஒன்று தொங்கியது. கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் வரி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோவிந்தம்மாள் அதற்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பெஞ்சின் மறுகோடியில் ஒருவர் பாட்டிலைத் திறந்து மளமளவென்று தண்ணீர் குடித்தார். இரண்டு பெண்களும் கண்ணெடுக்காமல் அவர் தொண்டையையே பார்த்தார்கள். அவர் சங்கடப்பட்டு மூடியைத் திருகிக்கொண்டார்.

போன் நிர்மலாதேவியின் மடியில் இருந்தது. வழக்கம்போல அவள் அந்த ஒற்றைக் கோட்டைத் திறந்து பார்த்தாள்.

“அண்ணி.”

கோடு இரண்டாகியிருந்தது.

கோவிந்தம்மாள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. போன் உயிரோடு இருக்கிறது. வண்டி காட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறது. அவள் விரல் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சரியாக அழுத்தியது. அந்தப் பெண் குரல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒரு வாரத்தில் முதல்முறையாக மணி அடித்தது.

“அடிக்குதுடி” என்றாள். நிர்மலாதேவி தன் காதையும் போனோடு ஒட்டிக்கொண்டாள்.

“கோவிந்தம்மாள், ஏரிமேட்டுக் கொட்டாய்” என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. எடுடா. ஒரு வார்த்தை பேசு. தண்ணி குடிச்சியான்னு மட்டும் கேட்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய வலது கை, வளையல் இல்லாத அந்த ஒல்லிக் கை, போனை இறுக்கிப் பிடித்திருந்தது.

“கோவிந்தம்மாள், வரீங்களா இல்லையா?”

“தோ வரங்க” என்றாள் அவள், போனைக் காதிலிருந்து எடுக்காமல். அந்தப் பக்கம் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.